நைரோபிக்குப் போன ஆயா

29.01.2023, ஞாயிறு. ராயபுரம்

காலைப் பூசை முடிந்து வரும்போது சங்கரா மீன் வாங்கிவந்தேன். பெட்டி கட்டுகிற வேலை பாதியில் கிடக்கிறது, நான் மீன் கழுவ உட்கார்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பிளேன் ஏறப்போகிறவள் செய்கிற வேலையா இது? ஆனால் அங்கே போனால் கடல் மீன் கிடைக்குமோ என்னமோ.

பக்கத்து வீட்டு ஜீனத் நெத்திலிக் கருவாட்டை உறைமேல் உறை போட்டுச் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். "இன்னாக்கா, சிங்கம் கீற காட்டுக்குப் போறே. இந்த வாசனை புடிச்சிகினு ஒம் பின்னாடியே வந்துறப் போவுது!" இருவரும் சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இவர் பர்மா பஜாரில் ஒரு பைனாகுலர் வாங்கிவந்து மொட்டைமாடியில் நின்று துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆயுசு முழுக்க அங்கே கிரேன் ஓட்டின மனுஷன். "இம்மா வருசம் கப்பலுக்குச் சரக்கு ஏத்துனேன். ஒரு கப்பலாச்சும் என்னை ஏத்திகினு போச்சா?" என்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் லியோனார்டுக்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது.

மகன் ஜெரி நைரோபியில் ஒரு கண்டெய்னர் கம்பெனியில் இருக்கிறான். ஆறு மாதம் வந்து இருங்கள், மாதம் ஒரு காடு காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். எனக்குக் காடு பெரிதில்லை. எனக்கு ஜூடி. இந்த வீட்டில் பிறந்து, மூன்று வயதுவரை என் இடுப்பிலேயே வளர்ந்த பேத்தி. பெற்றவளைவிட என்னிடம்தான் ஒட்டுதல். இப்போது ஐந்து வயது. போனில் தினமும் ஒரே கேள்வி: "ஆயா, நீ எப்ப வருவே?"

அஞ்சாங்கிளாஸ் படித்த ரோசி ஆப்பிரிக்கா போகிறாள். மாதா கோயில் அன்பியக் கூட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள். கேட்காதவர்களிடம் நானே சொன்னேன்.

04.02.2023. நைரோபி

வந்து சேர்ந்தோம். கருவாடும் பத்திரம்.

ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவைத் தாண்டியதும் "ஆயா! ஆயா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள் ஜூடி. அங்கே நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. வளர்ந்திருக்கிறாள். தூக்க முடியவில்லை, ஆனாலும் தூக்கினேன்.

12.02.2023, ஞாயிறு

முதல் காடு. ஊரை ஒட்டியே இருக்கிறது. ஒரு பக்கம் மாடிக் கட்டடங்கள், இந்தப் பக்கம் வரிக்குதிரை. நம்ம எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியும் கழிமுகமும் அருகருகே இருக்கிற மாதிரி.

காரின் மேல்கூரையைத் தூக்கிவிட்டால் நின்றுகொண்டே பார்க்கலாம். ஓட்டுகிற பிள்ளையின் பெயர் கமாவு. என்னை "மாமா, மாமா" என்று கூப்பிடுகிறான். இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னாமே, உன்ன மாமாங்கிறான், என்ன அத்தைம்பானா?" இந்த ஊரில் அம்மாவுக்கு மாமா என்று பெயராம், மருமகள் மெர்லின் சொன்னாள். அது ஒரு மரியாதைதான் போலும்.

ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததும் இவர் துள்ளினார். "ஏய் ரோசி, தோ பாரு! நம்ம பெர்த்துல நிக்கிற கிரேன் மாதிரியே கீது. கழுத்தைத் திருப்புறதப் பாரு, ஆபரேட்டரு நல்ல கை!"

ஜூடி என் முந்தானைக்குள் நுழைந்துகொண்டு பார்த்தாள். சிங்கம் எதுவும் கருவாட்டுக்கு வரவில்லை.

22.02.2023

சாம்பல் புதன். இங்கேயும் நெற்றியில் அதே சாம்பல்தான். பாட்டுதான் வேறு. கறுத்த பெண்கள் ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். ஜூடியும் ஆடினாள். மெர்லின் முறைத்தாள். நான் முறைக்கவில்லை.

11.03.2023. நக்குரு

இன்று எழுத வேண்டாம்.

13.03.2023

சனிக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் நெஞ்சைவிட்டு இறங்கும்.

நக்குரு ஏரிக்குப் போனோம். ஜெரியின் மேனேஜர் குடும்பமும் கூட வந்தது. குஜராத்திக்காரர்கள், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஏரி ஓரம் முழுக்கப் பூநாரை. ரோஜாப் பூவைக் கொட்டிவைத்தது மாதிரி. "இதப் பாக்க இம்மாந் தூரம் வரணுமா, பழவேற்காட்டுலயே கீதே" என்றார் இவர். ஆனால் பைனாகுலரைக் கண்ணைவிட்டு எடுக்கவில்லை.

மத்தியானம் காட்டுக்குள்ளேயே ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பாடு. வாசலில் ஒரு பெண் சிரித்த முகமாக நின்று ஒவ்வொருவரையும் மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். நானும் ஜூடியும் கடைசியில் வந்தோம். அவள் குனிந்து, என்னைக் காட்டி, ஜூடியிடம் என்னமோ கேட்டாள். ஜூடி நெஞ்சை நிமிர்த்தி "மை ஆயா" என்றாள்.

நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன். ஆமாம், நான்தான் ஆயா.

அந்தப் பெண் ஜூடியின் கையை வாங்கி மெர்லினிடம் கொடுத்தாள். பிறகு என் முழங்கையைப் பிடித்து, பதமாகத்தான், பக்கவாட்டுப் பாதையில் கூட்டிக்கொண்டு போனாள். வயசானவள் என்று எனக்குத் தனியாக ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். பட்டுப் புடவை கட்டியிருந்தேன்.

பின்னால் தகரக் கூரை. நீள பெஞ்சு. டிரைவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்கிற வம்பூய் என்கிற பெண்ணும் அங்கே இருந்தாள். கமாவு என்னைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். "நோ, நோ, மாமா!" என்று அந்த ஹோட்டல் பெண்ணிடம் என்னமோ படபடவென்று பேசினான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் ஆயா என்றால் வேலைக்குப் பிள்ளை பார்க்கிறவள்.

நம்மூரிலும் பால்வாடியில் ஆயா இருக்கிறாள். ஆனால் எங்கள் தெருவில் யாரும் குழம்பினது கிடையாது. என் அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா.

கமாவு ஜெரியைக் கூப்பிடக் கிளம்பினான். நான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்றால், ஜன்னல் வழியே மேசை தெரிந்தது. ஜெரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாமல் நடந்தது இல்லை. அவன் பார்த்தான். மேனேஜர் பெண்சாதி ஏதோ சொல்லிச் சிரித்தாள். இவனும் சிரித்தான். அப்புறம் ஜக்கை எடுத்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றினான்.

வம்பூய் தள்ளி உட்கார்ந்து தன் சப்பாத்தியில் பாதியை எனக்குப் பிய்த்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன். வேண்டாம் என்று சொன்னால் அவளைக் கேவலப்படுத்தின மாதிரி ஆகிவிடாதா?

காரில் ஏறினபிறகு இவரைக் கேட்டேன், "ஜெரி நைனா, நான் எங்க கீறேன்னு தேடலியா?"

"பாத்ரூம் போயிருப்பேன்னு நெனச்சேன்மே."

"சாப்பாடு முடியிற வரைக்குமா?"

"கோழி வந்துச்சு. துன்னுட்டேன்."

இன்னா மனுசன் இவுரு. இன்னா புள்ள அது. நான் யாருக்கு இன்னா பண்ணேன்?

14.03.2023

மெர்லின் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். நிறுத்தி நிதானமாகப் பேசுவாள்.

"நான் அவர்கிட்ட கேட்டேன் அத்தை. 'அம்மா எங்க'ன்னு கேட்டேன். 'அம்மாவுக்கு அங்கதான் வசதியா இருக்கும்'னு சொன்னாரு. நான் எழுந்து வந்திருக்கணும். வரல. மன்னிச்சிடுங்க."

அழுதாள். நான் அழவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "இனிமே இந்தக் குழப்பம் வேண்டாம். ஜூடிக்குப் பாட்டின்னு கூப்பிடச் சொல்லிக்குடுங்க அத்தை."

"இன்னாத்துக்கு? தப்பு என் பேர்லயா?"

ராத்திரிச் சாப்பாட்டில் ஜெரியைக் கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒரு வார்த்தைக்கு இம்மா பேஜாராம்மா? அந்த நேரத்துல நான் எழுந்து, அது என் அம்மான்னு சொன்னா அவங்க இன்னா நெனப்பாங்க?"

"இன்னா நெனப்பாங்க? உனக்கு அம்மா கீறான்னு நெனப்பாங்க."

ஜெரி கை கழுவ எழுந்துபோனான்.

நான் ஆயாதான். மாற்றமாட்டேன். என் ஆயா தலையில் கூடை வைத்து மீன் விற்று ஒரு குடும்பத்தையே கரையேற்றினவள். அந்தப் பெயரை எவளுக்காகவோ கழற்றி வைக்க இது என்ன செருப்பா?

20.03.2023

ஜூடி அவள் அம்மா சொன்னபடி "பாட்டி" என்று கூப்பிட்டாள். நான் காதில் விழாத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காதருகே வந்து, ரகசியமாக, "ஆயா" என்றாள். வாரி அணைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டேன்.

09.04.2023, உயிர்ப்பு ஞாயிறு. அம்போசேலி

பூசை நேற்று இரவே கேட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். இங்கே யானைகள். ஒன்று இரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக, பின்னால் பனி மூடின மலை. பெரிய யானை ஒன்று முன்னால் போக, குட்டிகள் அதன் வயிற்றுக்கடியிலேயே நடந்தன. "முன்னாடி போவுதே, அதுதான் ஆயாவா?" என்று கேட்டாள் ஜூடி. கமாவு ஆமாம் என்று தலையை ஆட்டினான். பாட்டியம்மாதான் வழி காட்டுமாம் யானைக் கூட்டத்தில்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். மெர்லின் என் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டாள். மேனேஜர் குடும்பம் இந்த முறையும் வந்திருந்தது. நான் கையை விடுவித்துக்கொண்டு, நானாகவே, பின்பக்கம் டிரைவர்கள் உட்காருகிற இடத்துக்குப் போனேன். "எனக்கு அங்கதான் வசதியா இருக்கும்" என்று ஜெரி காதில் விழுகிற மாதிரி சொன்னேன். வீம்புதான். இல்லை என்று சொல்லவில்லை.

உட்கார்ந்து ஒரு வாய் வைத்திருப்பேன். யாரோ பெஞ்சில் இடித்தார்கள். இவர். கையில் தட்டு.

"தள்ளி உக்காருமே."

"உள்ளே கோழி கீது போல?"

"இருக்கட்டும். அன்னிக்கித் துன்ன கோழியே இன்னும் செரிக்கல."

கமாவு மூச்சு முட்டச் சிரித்தான், அவனுக்கு என்ன புரிந்ததோ. கொஞ்ச நேரத்தில் ஜெரி வந்து நின்றான். முகம் கறுத்திருந்தது. "நைனா, உள்ள வா. அம்மா, நீயும் வாம்மா. மானம் போவுது."

இவர் நிமிர்ந்து பார்த்தார். மகனிடம் இவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. "உன் மானம் நக்குருல எங்கடா போச்சு?"

ஜெரி அங்கேயே நின்றான். பிறகு சொன்னான், "வாய் வரல நைனா. சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். அவன் பின்னாலேயே எழுந்து போயிருக்கலாம். பெற்றவள்தானே. தட்டில் சோறு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டேன்.

12.05.2023, வெள்ளி

ஜூடியின் பள்ளிக்கூடத்தில் தாத்தா பாட்டிகளுக்கு விழா. இவருக்குக் காய்ச்சல். நான் மட்டும் கமாவு காரில் போனேன். வெள்ளைப் புடவை, சரிகைக் கரை. ஜூடிக்கு அதிரசம் சுட்டு டப்பாவில் எடுத்துப் போனேன்.

கேட்டில் ஒரு டீச்சர். பெயர்ப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜூடி வகுப்பிலிருந்து ஓடிவந்து, என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, டீச்சரிடம் சத்தமாகச் சொன்னாள். நான் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பொத்தவில்லை. எனக்கு அந்தச் சொல் கேட்க வேண்டியிருந்தது.

டீச்சர் அன்பாகச் சிரித்து, கேட் ஓரத்துப் பெஞ்சைக் காட்டினாள்.

எனக்கு ஆனது ஒன்றுமில்லை. பெஞ்சு நமக்குப் புதிதா? ஆனால் உள்ளே நாற்காலி வட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் தாத்தா பாட்டி மடியில். ஜூடி காலி நாற்காலி பக்கத்தில் நின்றாள். என் பக்கம் கையைக் காட்டிக் காட்டி என்னமோ சொன்னாள். பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பையன் அவளைப் பார்த்து விரலை ஆட்டினான். அப்புறம் அவள் கையை இறக்கிவிட்டாள்.

காரில் அதிரசத்தைத் தொடவில்லை. வீட்டில் குளிப்பாட்டும்போதுதான் வந்தது. "எனக்குப் பாட்டியே இல்லியாம். நான் பொய் சொல்றேனாம். வூட்டு ஆயாவைக் கூட்டிகினு வந்துட்டேனாம்." சோப்பு நுரையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆயா, நீ எனக்கு யாரு?"

இந்தக் கேள்விய எம் புள்ளை கேட்டுச்சே. அய்யோ என் மாதாவே. என் வீம்புல இது நடு ஹால்ல தனியா நின்னுச்சே.

14.05.2023, ஞாயிறு

பூசைக்குப் பிறகு, மரத்தடியில் வைத்து, நானே சொல்லிக்கொடுத்தேன்.

"நான் உன் பாட்டி. உங்க அப்பாவைப் பெத்தவ. யார் கேட்டாலும் பாட்டின்னு சொல்லு."

"அப்ப ஆயா?"

"அது வேணாம்."

"நம்ம வூட்ல மட்டும்?"

எனக்கும் அந்த ஆசை வந்தது. வீட்டில் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு. ஆனால் குழந்தை. இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு எங்கே எதைச் சொல்வது என்று தடுமாறி, மறுபடி ஒரு பெஞ்சு, மறுபடி ஒரு சிரிப்பு. வேண்டாம்.

"வூட்லயும் வேணாம்."

"பாட்டி, பாட்டி, பாட்டி" என்று குதித்துக்கொண்டே பழகினாள். ஆட்டம் மாதிரி. குழந்தைக்கு அது ஒரு விஷயமே இல்லை.

மெர்லினிடம் சொன்னேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நல்ல பெண்தான்.

03.06.2023

குளிர். ஊர்க் குளிர் இல்லை, எலும்புக் குளிர். இவர் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

நாங்கள் கிளம்பினபிறகு ஜூடியைப் பார்த்துக்கொள்ள ஆக்னஸ் என்று ஒருத்தியை வைத்திருக்கிறார்கள். மச்சாகோஸ் பக்கம் ஊர். என் வயசுக்குக் கொஞ்சம் குறைவு. கழுத்தில் ஜெபமாலை. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது.

இடியாப்ப அச்சில் மாவு பிழியச் சொல்லிக்கொடுத்தேன். ஜூடிக்கு மீனில் முள் எடுப்பது எப்படி, வயிற்று வலி என்றால் எது பொய் வலி எது நிஜ வலி, தூங்கும் முன் எந்தக் காதைத் தடவ வேண்டும். பாஷை இல்லாமலே எல்லாம் புரிந்துகொண்டாள். போனில் ஒரு படம் காட்டினாள். அவள் பேரன். ஊரில் விட்டுவிட்டு இங்கே வந்து இன்னொருத்தர் பிள்ளையைத் தூக்குகிறாள்.

மற்ற வீடுகளில் கூப்பிடுகிற மாதிரியே ஜூடியும் அவளை ஆயா என்று கூப்பிடட்டும் என்று மெர்லின் முடிவு செய்துவிட்டாள். என்னைக் கேட்டாள். என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? காலியாய்க் கிடக்கிற பெயர்தானே.

17.06.2023

சாவோ என்று ஒரு காடு பாக்கி. செம்மண்ணில் புரண்டு யானையெல்லாம் சிவப்பாக இருக்குமாம். இவருக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆசை. டிக்கெட்டை முன்னால் மாற்றிப் போட்டுப் போய்விடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பைனாகுலரைத் துடைத்தார்.

"போலாம்மே. யானை இன்னா, கறுப்போ செவப்போ."

01.07.2023

இன்று கிளம்பினோம். ஜெரி ஏர்போர்ட்டில் காலில் விழுந்தான், அத்தனை பேர் முன்னால். தூக்கி நிறுத்தி நெற்றியில் சிலுவை போட்டேன். கமாவு "மாமா" என்று அழுதான். ஜூடி ஆக்னஸின் தோளில் தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றேன்.

16.07.2023. ராயபுரம்

தெருவே வந்து கதை கேட்டுப் போகிறது. சிங்கம், யானை, பனி மலை எல்லாம் சொன்னேன். பெரிய ஹோட்டலில் சாப்பாடு எப்படி என்று ஜீனத் கேட்டாள். "அதெல்லாம் ஏ ஒன்" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். அவள் வீட்டுப் பிள்ளைகள் என் வாசலில் கூடி "ரோசியாயா, மிட்டாய் இன்னா வாங்கியாந்தே?" என்று கத்தின. உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மிட்டாயை எடுத்துவந்தேன்.

10.09.2023

ஜூடி பேசினாள். பள்ளிக்கூடத்தில் பாட்டியைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். கைதட்டு வாங்கினாளாம். தமிழ் மாறிவிட்டது. மெர்லின் மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுகிறாள்.

26.11.2023, ஞாயிறு

கிறிஸ்து அரசர் திருநாள். சாயங்காலம் மழை இருட்டு. இவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. ஜெரியும் மெர்லினும் கல்யாண நாளுக்காக சாவோ போயிருக்கிறார்கள். வீட்டில் ஜூடியும் ஆக்னஸும்தான்.

முடியை வரி வரியாகப் பின்னியிருந்தாள். ஆக்னஸ் கைவேலை. அழகாகத்தான் இருந்தது. பல் ஒன்று விழுந்திருந்தது. அதைக் காட்டினாள். இவர் "எந்த எலி தூக்கிகினு போச்சு?" என்று கேட்க, கலகலவென்று சிரித்தாள். அப்புறம் படம் வரைந்தேன் என்று தாளை எடுக்கப் போய், எதிலோ இடித்துக்கொண்டாள் போல. முகம் சுருங்கியது. உதடு பிதுங்கியது. மூன்று வயதில் அழப்போகும்போது வருமே, அதே உதடு.

"ஆயா!" என்று கத்தினாள்.

"இன்னாடா கண்ணு, இன்னா ஆச்சு, எங்க பட்டுச்சு?" என்றேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டேன்.

ஜூடி அழுகையை ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"உங்களை இல்ல பாட்டி. ஆயாவைக் கூப்பிட்டேன்."

உங்களை என்றாள். எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் பெரியவர்களை நீங்க, வாங்க என்று பேசினது கிடையாது. மெர்லின் நல்லபடியாக வளர்க்கிறாள்.

ஆக்னஸ் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா, கூப்பிடு" என்றேன்.